வலி இல்லாத அடைப்புக்கு உடனே ஸ்டென்ட் வேண்டுமா?

"ஆஞ்சியோவில் இதய ரத்தக் குழாயில் 70 சதவீத அடைப்பு தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழல்) வைத்துவிட வேண்டும், மாத்திரையெல்லாம் கண்துடைப்பு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பயமுறுத்தும் அளவுக்கு இதில் உண்மை இல்லை.

2020ல் வெளியான 'இஸ்கீமியா' (ISCHEMIA) என்ற ஆய்வில் 5,179 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் இதயத் தசைக்கு ரத்த ஓட்டம் கணிசமாகக் குறைந்திருந்தது. முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும் மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் இடையே மாரடைப்பிலோ மரணத்திலோ தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சுவலி இருந்தவர்களுக்கு ஸ்டென்ட் அல்லது பைபாஸால் வலி கூடுதலாகக் குறைந்தது, அது நிஜமான பலன்தான். வலியே இல்லாதவருக்கு அந்தப் பலனும் பெரிதாகக் கிடைக்கவில்லை.

காரணம் எளிது. பல மாரடைப்புகள் குழாயைப் பெரிதாக அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருகின்றன. ஸ்டென்ட் ஓர் இடத்தைத்தான் விரிக்கும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எல்லாக் குழாய்களிலும் உள்ள படிவை நிலைப்படுத்தும். கூடவே ரத்த அழுத்தம், சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுவது. (சர்க்கரை நோயாளிகளுக்கு வலி தெரியாமலே போகலாம், அவர்கள் கூடுதல் கவனமாக இருக்கட்டும்.)

விதிவிலக்குகள் உண்டு: இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுக்கும் இடது முதன்மைத் தமனியில் அடைப்பு, இதயத்தின் பம்ப் செய்யும் திறன் மிகவும் குறைந்திருப்பது. இவர்கள் அந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட் உயிர் காப்பது, அது வேறு கதை.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் பெரும்பாலும் அவகாசம் இருக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.