எட்டு நொடிக்குள் பெல்ட்டைத் தேடுவதா?
விமானப் பயணத்தில் சீட் பெல்ட் போடுவது பற்றிய கட்டுரையில், “விளக்கு எரிந்ததும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டால் போதும்” என்று வருவதுதான் இடிக்கிறது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்க்யூ 321 விமானத்தில், பெல்ட் விளக்கைப் போட்டாயிற்று என்று விமானி சொன்ன எட்டாவது நொடியே பெரிய குலுக்கல் தொடங்கிவிட்டது. 4.6 நொடியில் 178 அடி இறக்கம். பெல்ட் போடாதவர்கள் முதலில் மேலே பறந்து, அப்புறம்தான் கீழே விழுந்தார்கள். எட்டு நொடியில் போர்வைக்கடியில் கிடக்கும் கொக்கியைக்கூடத் தேடி எடுக்க முடியாது. நான் ஒருமுறை வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது, வெளியே ஒரு மேகம்கூட இல்லை, பக்கத்து இருக்கைக்காரரின் காபி கோப்பையை விட்டு எழும்பி என் சட்டையெல்லாம் கொட்டியது. அவர் தலை மேலே இருக்கும் சாமான் பெட்டியில் மோதிய ‘டங்’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தெளிந்த வானத்தில் வரும் குலுக்கல் ரேடாரில் தெரியாது. ரேடார் பார்ப்பது மழைத்துளியை, காற்றை அல்ல. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், பெல்ட் போட்டால் வயிறு இறுகுகிறது என்று எழுதியிருக்கிறார். பெல்ட்டை வயிற்றில் கட்டினால் இறுகத்தான் செய்யும், இடுப்பெலும்புக்கு இறக்கிக் கட்டிப் பாருங்கள். தூங்குவதென்றால் போர்வைக்கு மேலே போடுங்கள், பெல்ட் கண்ணுக்குத் தெரிவதால் பணிப்பெண் வந்து எழுப்பமாட்டார்.