கட்டியில் வந்த மாற்றம் பரம்பரைச் சொத்தல்ல
"அப்பாவின் நுரையீரல் புற்றில் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும்; உடனே சோதித்துவிடுங்கள்" என்று செந்தூல் அண்ணன் மேலே எழுதியிருப்பது தவறு. இ.ஜி.எஃப்.ஆர். என்பது செல்லுக்கு 'வளர்' என்ற கட்டளையைக் கடத்தும் ஒரு புரதம்; அதன் மரபணுவில் வரும் அந்த மாற்றம் அநேகமாக எப்போதுமே கட்டியின் செல்களில் மட்டும் பிற்பாடு ஏற்படுவது. பிறவியிலேயே வருவது மிக அரிது.

எல்858ஆர் என்ற வகையையே பாருங்கள்: புரதத்தின் 858ஆம் இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அங்கே ஆர்ஜினின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. 'வளர்' என்ற கட்டளை பிறகு ஓய்வதே இல்லை. இந்தக் கட்டளையைத் தடுக்கும் ஜெஃபிட்டினிப் என்ற நுரையீரல் புற்று மாத்திரை சிலருக்கு மட்டும் ஏன் நன்றாகக் கேட்கிறது என்பது 2004இல் பிடிபட்டது: அவர்களின் கட்டியில் இப்படிப்பட்ட மாற்றம் இருந்தது. எனவே சோதிக்க வேண்டியது அப்பாவின் கட்டியை, அதுவும் மருந்தைத் தேர்ந்தெடுக்க. நல்ல உடம்போடிருக்கும் பிள்ளைகளை இதற்காக மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பி ரிங்கிட்டைக் கரைக்காதீர்கள். குடும்பத்தில் பலருக்கு இந்நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். அது வேறு கதை.