பீஸ் ரேட்டுக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு

பீஸ் ரேட்டில், அதாவது பீஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தாது என்று திருப்பூர் பனியன் தொழிலாளர்களிடையே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

அரசு நாள் கூலியை மட்டும் நிர்ணயித்து, பீஸுக்கு ரேட் நிர்ணயிக்காத வேலையில், பீஸ் ரேட்காரருக்கும் அந்த நாள் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பின் 12-ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. நாள் முழுக்க ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தும், கட்டிங் துணி தாமதமாக வந்து பீஸ் குறைந்தால், அந்த நஷ்டத்தைத் தையல்காரர் தலையில் கட்டுவது அநியாயம். குறைந்த கூலிக்குச் சம்மதம் என்று காண்ட்ராக்டர் வாங்கிவைத்த கையெழுத்தும் செல்லாது.

குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. பீஸ் கணக்குச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தொழிலாளர் துறையில் மனு கொடுக்க அதுதான் ஆதாரம்.