சோதிக்காத வீட்டுக்கு ஒரு சோதனை அறிக்கை

வயிறு எரிகிறது. ஒரு மாதமாக அடக்கிக்கொண்டிருந்தேன், இனி முடியாது.

எங்கள் வீடு அப்பா 1991-இல் கட்டியது. ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) மின் இணைப்பு. போன வருடம் மாடியில் ஓர் அறை கட்டினோம். ஏசி, வாட்டர் ஹீட்டர் எல்லாம் வந்தது. ஹீட்டர் மட்டுமே 2 கிலோவாட். ஏசி, மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் கூட்டினால் ஒருமுனைக்கான 4 கிலோவாட்டைத் தாண்டிவிடும். மும்முனைக்கு (த்ரீ ஃபேஸ்) மாறித்தான் ஆக வேண்டும். சரி, முறைப்படியே செய்வோம் என்று விண்ணப்பித்தேன். வயரிங் சோதனை அறிக்கை வேண்டும், அதில் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அதுவும் நியாயம்தானே? வீட்டுக்குள் ஓடும் மின்சாரத்தை விவரம் தெரிந்த ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன்.

விசாரித்துக்கொண்டு போனால் அது ஒரு ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு மேசை, அதன் மேல் ஒரு கட்டுப் படிவங்கள். ஒவ்வொன்றிலும் கையெழுத்தும் முத்திரையும் ஏற்கெனவே இருக்கின்றன! மற்ற கட்டங்கள்தான் காலி. "எத்தனை லைட், எத்தனை ஃபேன் சார்?" என்று மேசையில் இருந்தவர் கேட்டுக்கொண்டே எழுதினார். ஒயரின் உறை கசியவிடாமல் தாங்குகிறதா என்று காட்டும் இன்சுலேஷன் தடை (கூடினால் நல்லது) 10 மெகா ஓம். கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் இணைப்பின் தடை (குறைந்தால் நல்லது), அதாவது எர்த் 1 ஓம். "வீட்டுக்கு எப்போ வருவீங்க?" என்று கேட்டேன். "எதுக்கு சார்?" என்றார். 1,500 ரூபாய். பத்து நிமிடம்.

நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கோபம் என் மேலேயும் இருக்கிறது.

அதற்கப்புறம் மின்வாரியப் பிரிவு அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். கம்பம் எவ்வளவு தூரம், மீட்டர் போர்டு எங்கே என்று பார்த்தார். அறிக்கையைக் கோப்பில் வைத்தார், போய்விட்டார். மீட்டரைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே வைக்கவில்லை. ஏன் என்று தேடிப் பார்த்தேன். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே அதற்கு வழி விட்டிருக்கின்றன. புது இணைப்போ கூடுதல் மின்சாரமோ தருவதற்கு முன்னால், மின்சாரம் தருபவர் தாமே சோதிக்க வேண்டும், அல்லது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட முடிவை ஏற்றுக்கொள்ளலாம். அந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் ஓட்டையாகிவிட்டது. மின்வாரியம் ஒப்பந்ததாரரை நம்புகிறது, ஒப்பந்ததாரர் எந்த வீட்டையும் பார்ப்பதில்லை, நடுவில் வீட்டுக்காரன் காசு கட்டுகிறான்.

இப்போது நிஜமாக நடந்ததைச் சொல்கிறேன். மழைக்காலத்தில் வாஷிங் மெஷினைத் தொட்டால் அம்மாவுக்குச் சுர்ரென்று இருக்கும். "கரண்ட் லேசா இழுக்குதுடா" என்பார். அதனால் மெஷினுக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டு அதில் நின்றுதான் துணி எடுப்பார். நாங்களும் பழகிவிட்டோம். மாடி வேலைக்கு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். சொன்னதும் அவர் முகம் மாறியது. பிளக் பாயின்டில் டெஸ்ட் லாம்பை வைத்தார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பல்பு பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தபோது எரியவே இல்லை. அப்புறம் கொல்லைப்புறத்தில் எர்த் குழியைத் தோண்டினோம். துருப்பிடித்த குழாய், அதன் தலையில் ஒரு நட்டு. கம்பி அதை விட்டு அறுந்து தனியாகக் கிடந்தது. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்ததோ! இன்சுலேஷன் தடையை அளக்கும் மெக்கர் கருவியைக் கொண்டு வந்து கீழ் பாத்ரூம் லைனை அளந்தார். குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 0.2 காட்டியது.

என் கையில் இருக்கும் தாளில் எர்த் 1 ஓம். "பாறை கலந்த இந்த மண்ணுல ஒத்தக் குழாய்க்கு ஒரு ஓம் எங்க தம்பி வரப்போவுது?" என்றார் அண்ணன்.

எர்த் இல்லாத வீட்டில் மெஷினின் உடம்புக்கு வரும் மின்சாரத்துக்கு மண்ணுக்குப் போக வழி கிடையாது. தொடுகிற ஆள்தான் வழி. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அணைக்கும் 16 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது, ஏனென்றால் ஆளைக் கொல்ல அதில் ஒரு சின்னப் பங்கு போதும். அதற்காகத்தான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நிறுத்திவிடும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது இல்லவே இல்லை. இருக்கிறதா என்று அறிக்கை எழுதியவரும் கேட்கவில்லை, பார்க்க வந்தவரும் கேட்கவில்லை. அண்ணன்தான் வாங்கிவரச் சொன்னார். மாட்டியதும் கசிவைக் கண்டு உடனே அணைந்து விழுந்தது. இரண்டு நாள் லைன் லைனாகக் கழற்றி, பழைய ஒயரை உருவிப் போட்டு, புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் கொட்டிய பிறகுதான் விழாமல் நின்றது.

இதில் என்னை அதிகம் நோகடிப்பது வேறொன்று. எங்கள் அம்மாவைக் காப்பாற்றிய அந்த அண்ணனிடம் உரிமம் இல்லை. 22 வருடமாக ஒயர் இழுக்கிறார். மின்கம்பி உதவியாளர் தேர்வு எழுதலாமே என்றேன். 5 வருட அனுபவம் என்று யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும், அவர் வேலை கற்ற மேஸ்திரி இறந்துவிட்டார். அலைந்தால் அன்றைய கூலி போச்சு. சட்டப்படி அவர் எங்கள் வீட்டு ஒயரைத் தொட்டதே தப்பு. எங்கள் வீட்டுத் தெருகூடத் தெரியாமல் கையெழுத்துப் போட்டவர் சட்டப்படி சரி. இது என்னங்க நியாயம்? அனுமதி வேண்டாம், கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வேண்டும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் மெக்கரோடு என் வீட்டு வாசலில் வந்து நிற்க வேண்டும். அளந்ததை என் கண் முன்னால் எழுத வேண்டும். அதற்கு 1,500 இல்லை, 3,000 கேட்டாலும் கொடுக்கிறேன். வேலை தெரிந்த ஆளுக்கு அவர் ஊரிலேயே செய்முறைத் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுங்கள்.

அந்த ஒப்பந்ததாரருக்கு போன் பண்ணி, எர்த் கம்பி அறுந்து கிடந்ததைச் சொன்னேன். "அதான் இணைப்பு கிடைச்சுடுச்சுல்ல சார்" என்று வைத்துவிட்டார்.

நேற்று எதிர்வீட்டு அக்கா புது இணைப்புக்கு விண்ணப்பிக்கக் காகிதங்களோடு வந்தார். மாவு மெஷின் போடப் போகிறாராம். சரிபார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். அதே முத்திரை. வீட்டில் வயரிங் வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை, எர்த் குழி தோண்டவே இல்லை. கட்டத்தில் எர்த் 1 ஓம் என்று எழுதியிருந்தது.