கவர் படத்துக்கு 23 நாள்

பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, வீட்டிலேயே பாடிப் பதிவு செய்து, மிக்ஸ் முடிக்க எனக்கு 18 நாள் ஆனது. அதன் கவர் படம் ஓகே ஆக 23 நாள். வயிறு எரிகிறது.

சதுரமாக இருக்க வேண்டும், 3000-க்கு 3000 பிக்சல், நிறம் ஆர்ஜிபி முறையில். சரி, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது பாட்டை வாங்கி ஸ்பாட்டிஃபை மாதிரி ஆப்களில் ஏற்றிவிடுகிற நிறுவனம், திருப்பி அனுப்பிய மெயிலில் இருந்தது ஒரே வரி: படம் விதிமுறைப்படி இல்லை. எந்த விதி? படத்தில் எந்த இடம்? ஒன்றும் கிடையாது. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்த என் இன்ஸ்டா ஐடிதான் குற்றம் என்று நானாகத் துழாவிக் கண்டுபிடிக்க நாலு நாள் போனது. அதை எடுத்துவிட்டு அனுப்பினேன். மறுபடியும் அதே வரி! இந்தத் தடவை காரணம் வேறு. பாட்டின் பெயர் 'கொள்ளிடம்'. படத்தில் தமிழில் இருந்தது, படிவத்தில் ஆங்கில எழுத்தில் நிரப்பியிருந்தேன். இரண்டும் ஒரே பெயர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தமிழ்ப் பாட்டுக்குக் காசு வாங்குகிற இடத்தில் தமிழ் படிக்க ஒரு ஆள் இருக்கக் கூடாதா?

"படத்திலும் இங்கிலீஷிலேயே போட்டுட்டுப் போயேன்" என்றான் நண்பன். மாட்டேன். அந்த எழுத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முதலில் 1,500 ரூபாய் கொடுத்து ஒரு டிசைனரிடம்தான் விட்டேன். வந்த படத்தில் கொம்பு 'க'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் விழுந்திருந்தது, துணைக்கால் தனியாகத் தொங்கியது. கேட்டால், "ஃபோன்ல தம்ப்நெயில்தானே, யார் பார்க்கப் போறாங்க?" என்கிறார். நான் பார்ப்பேன். என் அம்மா பார்ப்பார். நகத்தளவு படத்தில் அந்தப் பெயரைத் தவிர வேறு என்னதான் கண்ணில் படும்? ஃபோட்டோஷாப்பில் தமிழ் மாதிரி எழுத்துகளைச் சரியாக அடுக்குகிற வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்தால் எழுத்து ஒழுங்காக நிற்கிறது. அவ்வளவுதான் வேலை. அதைக்கூடச் செய்யாமல் காசு வாங்கலாமா? கடைசியில் நானே உட்கார்ந்து செய்தேன்.

படிவத்திலும் தமிழிலேயே பெயரை நிரப்பி மூன்றாவது தடவை அனுப்பியபோதுதான் ஓகே வந்தது. வெளியீட்டுக்கு மூன்றே நாள் இருந்தது. ஸ்பாட்டிஃபையில் குறைந்தது 7 நாள் முன்னதாகப் பாட்டை பிட்ச் செய்தால்தான், அதாவது அவர்களின் எடிட்டர்களுக்குப் பரிந்துரைத்தால்தான், நம்மைப் பின்தொடர்கிறவர்களின் ரிலீஸ் ராடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் வருவது உறுதி. எனக்கு அது போச்சு. என்ன தப்பு என்று முதல் மெயிலிலேயே ஒரு வரி எழுதியிருந்தால் அன்று சாயங்காலமே திருத்தி அனுப்பியிருப்பேன்.