வாழைப்பழத்தைத் தின்றால் படைப்பு அழியுமா?

"சுவரில் டேப்பால் ஒட்டிய வாழைப்பழத்தை 62 லட்சம் டாலருக்கு வாங்கியவர் அதைத் தின்றே அழித்துவிட்டார்" என்று யாழ்ப்பாணத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தின்றது உண்மை, அழிந்தது பொய். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான் 2019இல் மயாமியில் வைத்த படைப்பு அது. 2024 நவம்பரில் நியூயோர்க் ஏலத்தில் விலைபோனது இது அசல் படைப்புத்தான் என்று சொல்லும் சான்றிதழும் பழத்தை ஒட்டும் முறை பற்றிய குறிப்புகளும்தான், ஏனென்றால் (நீர்வேலி வாழைத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்) எந்தப் பழமும் ஐந்து வருசம் நிற்காது, கெட்டுப்போனால் புதிசு மாட்டலாம் என்பதே ஏற்பாடு. மயாமியிலும் ஒருவர் பிய்த்துத் தின்றார், கொஞ்ச நேரத்தில் இன்னொரு பழத்தை ஒட்டிவிட்டார்கள். அப்புறம், படைப்புக்கு மூன்று பதிப்புகள் உண்டு, ஒன்று நியூயோர்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.