ஒரே பெட்டி போதுமா?

"கூகுளைப் பாருங்கள், ஒரே ஒரு தேடல் பெட்டிதான். பெருந்தரவுக்கும் அதுவே போதும். கிடைத்தது போதுமா என்பது பயனருக்கே தெரிந்துவிடும்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். என்ன வேண்டும் என்று தெரிந்தே தேடுபவருக்கு ஒரு பெட்டி போதும், சரி. ஆனால் அந்தக் கடைசி வரி தவறு.

1985-இல் பிளேர், மேரன் என்ற இரு ஆய்வாளர்கள் ஐபிஎம்மின் ஸ்டேர்ஸ் தேடல் மென்பொருளைச் சோதித்தார்கள். ஒரு பெரிய வழக்கின் சுமார் 40,000 ஆவணங்கள் அதில் இருந்தன. தேவையானவற்றில் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டது என்று அதில் தேடிய வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சராசரியாக 20 சதவீதம். வந்தவை பெரும்பாலும் பொருத்தமாகவே இருந்தன, சிக்கலே அங்கேதான். திரையில் நல்லதாகத் தெரிந்தால் விட்டுப்போனதைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வரும்?

காரணம் சொற்கள்தான். வழக்கறிஞர்கள் 'விபத்து' என்று தேட, சம்பந்தப்பட்டவர்களோ தங்கள் கடிதங்களில் 'சம்பவம்', 'பிரச்சினை', 'நிலைமை' என்றெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். (விபத்தை விபத்து என்று எழுத எந்த அலுவலகத்துக்குத்தான் மனசு வரும்!)

அதனால்தான் முடிவுகளை வகைவாரியாகச் சுருக்கிக் காட்டும் பக்கவாட்டு வடிகட்டிகளும், ஒவ்வொன்றின் அருகே அதில் எத்தனை ஆவணங்கள் என்ற எண்ணிக்கையும், தொடர்புடைய சொற்களைக் காட்டும் பரிந்துரைகளும் தேவைப்படுகின்றன. தனக்குத் தோன்றாத சொல்லைப் பயனர் தட்டச்சு செய்ய முடியாது. கண்ணில் பட்டால் சொடுக்குவார். அப்புறம், 40,000 ஆவணங்கள் என்பது இன்றைய கணக்கில் ரொம்பச் சின்னக் குவியல்.